கொல்லையில் இறங்கிய குட்டி

திருவாமாத்தூரில் உறவினர் வீட்டுப் பூனைக்குட்டி முதன்முதலாகக் கொல்லையில் இறங்கியதைப் பார்த்தேன். வேலியில் தலையாட்டிய ஓணானைக் கண்டு மயிர் சிலிர்த்து நின்றது. பல்லியைப் பிடிக்கப் போய், அறுந்து துடித்த வாலையே வெறித்தது, பல்லி தப்பிவிட்டது. அதுவரை ரசித்தேன். அடுத்த பாய்ச்சல், பறக்கப் பழகாத தையல்சிட்டுக் குஞ்சின் மேல். வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும்; அது அதன் இயல்பு. பொறுப்பு வளர்ப்பவருடையது. அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்குக் குறைந்தது 130 கோடிப் பறவைகளைக் கொல்வதாக 2013இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. நம் பக்கத்துக் கொல்லைகளில் கண்ணாடி விரியனும் உண்டு, குட்டிக்கும் ஆபத்துதான். சிட்டுகள் குஞ்சு பொரிக்கும் மாதங்களிலாவது, விடியலிலும் அந்தியிலும் பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்.