பாலிசி மறுக்கப்பட்டால்...

ஆயுள் இன்ஷூரன்ஸ் மறுப்புக் கடிதம் பெரும்பாலும் சில வரிகள்தான். 'தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை' என்பதோடு விஷயம் முடிந்துவிடும். பெற்றவருக்கோ தூக்கம் போய்விடுகிறது. சர்க்கரை இருப்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததும் தெரியும். ஆனால் உயிரைப் பற்றி ஒரு கம்பெனி கைவிரித்துவிட்டது என்பது புது அதிர்ச்சி.

உண்மையான ஆபத்து அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஏஜென்ட் ஆறுதல் சொல்வார்: "விடுங்க சார், வேற கம்பெனியில போட்டுக்கலாம். அங்க மறுத்ததை மட்டும் எழுதாதீங்க."

ஏறக்குறைய எல்லாக் கம்பெனிகளின் விண்ணப்பத்திலும் இந்தக் கேள்வி உண்டு: இதற்கு முன் உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதா, தள்ளிவைக்கப்பட்டதா, கூடுதல் பிரீமியத்தில் ஏற்கப்பட்டதா? இங்கே 'இல்லை' என்று எழுதினால் பாலிசி கிடைத்துவிடலாம். பணம் கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

1938-ம் வருட இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவு 2015-ல் திருத்தப்பட்டது. அதன்படி, பாலிசி தொடங்கி 3 வருடம் முடிந்துவிட்டால் எந்தக் காரணத்தைச் சொல்லியும் கம்பெனி அதைக் கேள்வி கேட்க முடியாது. அதற்குள் மரணம் நேர்ந்தால் கம்பெனி பழைய மருத்துவ ஆவணங்களைத் தோண்டலாம். முக்கியத் தகவல் மறைக்கப்பட்டது தெரிந்தால் க்ளெய்மை மறுக்கலாம். மோசடி என்று நிரூபணமாகாத பட்சத்தில் கட்டிய பிரீமியம் மட்டும் திரும்பி வரும். '3 வருடம் தாண்டினால் போதுமே' என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. ஆனால் உடல்நலக் குறைவால் மறுக்கப்பட்டவருக்கு அந்த 3 வருடம்தான் மிகவும் நிச்சயமற்றது. தோற்றால் அதன் பலனை அனுபவிப்பது அவரல்ல, அவருடைய குடும்பம்.

ஏஜென்ட்தான் நிரப்பினார் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. தான் ஏற்கெனவே வேறு கம்பெனியில் எடுத்திருந்த பாலிசியைத் தெரிவிக்காத ஒருவருடைய வழக்கில், க்ளெய்மை மறுத்தது சரியே என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கையெழுத்துப் போட்டவர்தான் பதில்களுக்குப் பொறுப்பு என்பது அதன் சாரம். பெரிய பாலிசியைச் சொல்லிவிட்டுச் சிறியவற்றை விட்டுவிட்ட இன்னொருவர் விஷயத்தில், 2025-ல் அதே நீதிமன்றம் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்காக அந்தக் குடும்பம் டெல்லிவரை போக வேண்டியிருந்தது.

உண்மையைச் சொல்லிவிட்டு பாலிசி வாங்க முடியுமா? பல சமயம் முடியும். மறுப்பு என்பது ஒரு கம்பெனி, ஒரு தேதியில், கையிலிருந்த ரிப்போர்ட்டுகளை வைத்துப் போட்ட கணக்கு. இந்தக் கணக்குகள் மாறக்கூடியவை. இந்தியாவில் செயல்பட்ட வெள்ளைக்காரக் கம்பெனிகள் ஒரு காலத்தில் இந்தியர்களின் உயிரையே தரம் குறைந்ததாகக் கருதிக் கூடுதல் பிரீமியம் வசூலித்தன. 1870-ல் பம்பாயில் தொடங்கப்பட்ட பாம்பே மியூச்சுவல், இந்தியர்களுக்கும் சாதாரண பிரீமியத்தில் பாலிசி தந்தது.

முதலில் செய்ய வேண்டியது, காரணத்தை எழுத்தில் கேட்பது. மறுப்பா, தள்ளிவைப்பா என்பது முக்கியம். சமீபத்திய அறுவைச் சிகிச்சை, சரியாகாத காசநோய், கட்டுக்கடங்காத சர்க்கரை போன்றவற்றுக்குப் பெரும்பாலும் சில மாதங்கள் தள்ளித்தான் வைப்பார்கள். மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அந்த ரிப்போர்ட்டின் நகலையும் கேட்டு வாங்கித் தன் டாக்டரிடம் காட்ட வேண்டும். லேப் தவறுகளும் நடப்பதுண்டு. காரணம் வருமானச் சான்று போதாது என்பதாகவும் இருக்கலாம். அப்படியானால் தேவைப்படுவது மருந்தல்ல, ஆடிட்டர்.

அடுத்தது, அவசரப்படாமல் இருப்பது. ஒரே வாரத்தில் 5 கம்பெனிகளுக்கு விண்ணப்பித்தால் 5 மறுப்புகள் சேரும் வாய்ப்புதான் அதிகம். 6 மாதமோ ஒரு வருடமோ சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்து, அதற்கான ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாகச் சேர்த்து, பழைய மறுப்புக் கடிதத்தையும் இணைத்து விண்ணப்பிப்பது நல்லது. ஒவ்வொரு கம்பெனிக்கும் அபாயத்தை எடைபோடும் அளவுகோல் வேறு. கூடுதல் பிரீமியத்தில் ஏற்பதாகச் சொன்னால் சண்டை போடாமல் யோசிக்கலாம். கேட்ட தொகையைக் குறைத்தோ, வருடங்களைக் குறைத்தோ முயன்றும் பார்க்கலாம்.

மருத்துவப் பரிசோதனை இல்லாத வாசல்களும் உண்டு. பிரதம மந்திரி ஜீவன் ஜோதி திட்டத்தில் 18 முதல் 50 வயதுவரை உள்ளவர்கள் பாங்க் அல்லது தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கு மூலம் சேரலாம். 2022-லிருந்து பிரீமியம் வருடத்துக்கு 436 ரூபாய். மரணம் நேர்ந்தால் 2 லட்சம் ரூபாய். ஆனால் சேர்ந்த முதல் 30 நாட்களில் விபத்து மரணத்துக்கு மட்டுமே பணம் உண்டு. பி.எஃப். உறுப்பினர்களுக்கு 1976-லிருந்தே டெபாசிட்டோடு இணைந்த இன்ஷூரன்ஸ் இருக்கிறது. ஊழியர் ஒரு பைசாவும் கட்ட வேண்டாம். உச்சவரம்பு 7 லட்சம். பல கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்கு எடுக்கும் குரூப் பாலிசியிலும் குறிப்பிட்ட தொகைவரை உடல்நலக் கேள்விகள் இல்லை. இவை வேலையில் இருக்கும்வரைதான் என்பதை மறக்கக் கூடாது. வீட்டுக் கடனும் இரண்டு பிள்ளைகளும் உள்ளவருக்கு இந்தத் தொகைகள் போதாதுதான். ஆனாலும் வெறுங்கைக்கு இது எவ்வளவோ மேல்.

சட்டம் எவ்வளவு தூரம் துணைக்கு வரும்? ஒருவருடைய மருத்துவ அபாயத்தைக் கணக்கிட்டு மறுக்கும் உரிமை கம்பெனிக்கு உண்டு. ஒரு கூட்டத்தையே கதவுக்கு வெளியே நிறுத்தினால் நீதிமன்றம் தலையிடும். எல்.ஐ.சி.யின் 'டேபிள் 58' என்ற மலிவான டெர்ம் பாலிசி ஒரு காலத்தில் அரசு, அரசு சார்ந்த அமைப்புகள், பெயர்பெற்ற கம்பெனிகள் ஆகியவற்றின் சம்பளக்காரர்களுக்கு மட்டுமே கிடைத்தது. ஆமதாபாத் நுகர்வோர் அமைப்பு ஒன்று போட்ட வழக்கில், அந்த நிபந்தனை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு, முறையான இன்ஷூரன்ஸ் கணித ஆய்வின் ஆதாரம் இல்லாமல் பாலிசி மறுக்கக் கூடாது என்கிறது 2017-ல் நிறைவேறி 2018-ல் அமலுக்கு வந்த சட்டம். எனவே மறுப்புக்குக் காரணம் கேட்பது வீண் வேலையல்ல.

கடைசியாக, மறுக்கப்பட்டவர்கள் அடிக்கடி மறந்துவிடும் ஒரு விஷயம். ஆரோக்கியமாக இருந்த நாளில் எடுத்த பழைய பாலிசி பீரோவில் கிடந்தால் அதற்கு இப்போது மதிப்பு அதிகம். அதை சரண்டர் செய்யக் கூடாது. பிரீமியம் கட்டத் தவறி காலாவதியாகவும் விடக் கூடாது. காலாவதியானதைப் புதுப்பிக்கப் போனால் கம்பெனி மறுபடி உடல்நலத்தைப் பற்றிக் கேட்கும். மூன்று வருடக் கணக்கும் புதுப்பித்த நாளிலிருந்து மறுபடி தொடங்கும். மறுப்புக் கடிதம் வந்த அன்றே பழைய பாலிசியின் அடுத்த தவணைத் தேதியைப் பார்த்துவிடுவது நல்லது.