இரண்டில் ஒன்று

ஆயுத பூஜையன்று வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு நமஸ்கரிக்கிறோம். அதே கம்ப்யூட்டர் ஒரு நாள் சண்டித்தனம் செய்தால், "பழைய இரும்புக்காரர் எப்போது வருவார்?" என்று வாசலைப் பார்க்கிறோம். இந்த விஷயத்தில் நானும் உங்களில் ஒருவன்தான். சென்ற மாதம் வரையில்!

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் எதிர் வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். பேட்டைக்கே அவர் டீச்சரம்மா. ரயில்வேயில் உத்தியோகம் பார்த்த அவருடைய கணவர் இரண்டு வருஷங்களுக்கு முன் காலமானார். கடைசிக் காலத்தில் அந்த மனிதர் தினமும் காலைக் காப்பி ஆனதும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, தம் ரயில்வே அனுபவங்களை ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நேற்றிலிருந்து அது உயிரே இல்லாமல் கிடக்கிறது. கடையில் காட்டினால், 'பழைய மெஷின், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள்' என்கிறார்கள். வாங்கலாம். அவர் எழுதினது புதிதில் இருக்குமா?" என்றார் டீச்சரம்மா.

இதற்கு நீங்களானால் என்ன பதில் சொல்வீர்கள்? எனக்கு எங்கள் வீட்டுப் பரண்தான் ஞாபகம் வந்தது. 2009-இல் நான் வாங்கிய கம்ப்யூட்டர் அங்கே தூசி படிந்து கிடந்தது. அதன் மதர்போர்டில் கெபாசிட்டர்கள் உப்பிப்போய்விட்டன. மற்ற உறுப்புகள் நன்றாகவே இருந்தன. டீச்சரம்மாவுடையது 2012-இல் வாங்கியது. இரண்டையும் கூடத்தில் அருகருகே வைத்து மூடிகளைக் கழற்றினோம்.

ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்துமா? பொருந்தும், அதற்குக் காரணம் உண்டு. 1995-இல் இன்டெல் கம்பெனி 'ஏ.டி.எக்ஸ்.' என்ற அளவுத் திட்டம் ஒன்றை வெளியிட்டது. திருகாணித் துளை எங்கே, எந்தக் கம்பியில் எத்தனை வோல்ட் என்பதெல்லாம் அதில் அடக்கம். பலரும் அதைப் பின்பற்றியதால்தான் ஒருவர் செய்த பவர் சப்ளை இன்னொருவர் செய்த போர்டுக்குப் பொருந்துகிறது. தனி வழி போகும் கம்பெனிகளும் உண்டு. பிளக்கைப் பார்த்துப் பொருத்துவது நல்லது.

என் பவர் சப்ளையை அதில் மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். விசிறி சுழன்றது, திரையில் வெளிச்சம் வந்தது! தேதி மட்டும் 2012 என்று காட்டியது. மின்சாரம் இல்லாத வேளையில் கடிகாரத்தை ஓட்டுவது காசு போன்ற 3 வோல்ட் பாட்டரி. தெருமுனைக் கடையில் புதிது வாங்கிப் போட்டதும் அதுவும் சரியாயிற்று.

அதோடு நான் நின்றிருக்கலாம். 'என் ராமையும் போட்டால் வேகம் கூடுமே' என்று ஆசை வந்தது. அது உள்ளே நுழைய மறுத்துவிட்டது. என்னுடையது டி.டி.ஆர்.2, 1.8 வோல்ட், அவருடையது டி.டி.ஆர்.3, 1.5 வோல்ட். இரண்டிலும் 240 முனைகள்தான். தவறிப்போய் மாட்டிவிடக் கூடாதென்றே வெட்டுப் பள்ளத்தை வேறு வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

டீச்சரம்மா சிரித்துவிட்டார். "மீட்டர் கேஜ் வண்டியைப் பிராட் கேஜ் தண்டவாளத்தில் ஏற்றப் பார்க்கிறாயே, தம்பி!"

ரயில்வேக்காரர் மனைவி அல்லவா! 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் ஓடத் தொடங்கிய மின்சார ரயில் மீட்டர் கேஜ்தானே? மறுநாள் மின்சார ரயிலேறி, அண்ணா சாலைப் பக்கம் உள்ள ரிச்சி தெருவுக்குப் போய், பொருத்தமான பழைய ராம் ஒன்று வாங்கி வந்தேன்.

ஆனால் அதற்கு முன்பே, முதல் நாளே, முக்கியமான காரியத்தை முடித்துவிட்டோம். அவர் எழுதியவற்றையும் புகைப்படங்களையும் இரண்டு பென் டிரைவ்களில் பிரதி எடுத்தோம். பழைய ஹார்ட் டிஸ்கை நம்பக் கூடாது. அது சொல்லிக்கொள்ளாமல் போய்விடும்.

அன்றிரவு பாக்கியிருந்த என் பெட்டியைப் பார்த்தேன். அதன் ஹார்ட் டிஸ்கில் என் பாங்குக் கணக்கு, வருமான வரி விவரம், குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் எல்லாம் இருந்தன. இதையா கிலோ கணக்கில் போட இருந்தேன்? 'அழித்துவிட்டேனே' என்பீர்கள். சாதாரணமாக அழிப்பது, புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது மாதிரி. அதே இடத்தில் வேறு எழுதும் வரையில் உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கும்.

நீங்களும் முயன்று பார்ப்பதானால் இரண்டு எச்சரிக்கைகள். மூடியைத் திறக்குமுன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

நேற்று டீச்சரம்மா வாசலில் நின்று, "இருபத்தேழாம் பக்கம் வந்திருக்கிறேன், தம்பி. ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் படிக்கிறேன்" என்றார்.

உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது? இரும்புக்காரர் தெருவில் குரல் கொடுப்பதற்குள் ஒரு தடவை பார்த்துவிடுங்களேன்!