பட்டம் மட்டும் போதுமா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் நம் முன்னோர். வணிகக் கல்விக்கு இப்பழமொழி மிகவும் பொருந்தும். பற்று வரவு எழுதக் கற்ற மாணவி, ஓர் அலுவலகத்தின் உண்மைக் கணக்கைக் கண்ணாலும் காணாமல் பட்டம் பெற்றுவிட முடியும். இக்குறையைப் போக்க எழுந்ததே ‘கோ-ஆப்’ எனப்படும் கல்விமுறை. கூட்டுறவுச் சங்கத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. கல்லூரியும் தொழில் நிறுவனமும் கூடி மாணவரை உருவாக்குவதால் வந்த பெயர் இது.

1906ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்பவர், பொறியியல் மாணவர் 27 பேரைக் கொண்டு இம்முறையைத் தொடங்கினார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தோன்றியபோதே இதைக் கைக்கொண்டது. பின்னர் வணிகப் படிப்புக்கும் இது பரவியது. சில மாதம் வகுப்பு, சில மாதம் ஊதியத்துடன் வேலை என மாறி மாறி நடைபெறும். ஒரு வேலைக் காலம் பெரும்பாலும் நான்கு மாதம்.

கனடாவில் வணிகம் பயில்வோர்க்குப் பல வழிகள் உண்டு. வாட்டர்லூவின் கணக்கியல், நிதி மேலாண்மைப் படிப்பில் வேலைப் பயிற்சி பாடத்திட்டத்தோடு பிணைந்துள்ளது. சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் ஸ்கார்பரோவில் உள்ள டொராண்டோ பல்கலைக்கழக வளாகத்தில், மேலாண்மைப் பட்டத்தைக் கோ-ஆப் உடனும் பயிலலாம், இன்றியும் பயிலலாம். ஐவி வணிகப் பள்ளியின் புகழுக்குக் காரணம் வேறு. நிறுவனங்கள் சந்தித்த உண்மைச் சிக்கல்களை அது மாணவர்முன் வைத்து, விவாதித்து முடிவெடுக்கப் பழக்குகிறது. அதுவும் சிறந்த பயிற்சியே.

கோ-ஆப் முறையில் குறைகள் இல்லாமல் இல்லை. படிப்பு முடியச் சில மாதங்களோ ஓராண்டோ கூடுதலாகலாம். தனிக் கட்டணமும் செலுத்த வேண்டும். பல்கலைக்கழகம் வாய்ப்புகளைக் காட்டுமே தவிர, வேலையைக் கையில் கொடுத்துவிடாது. விண்ணப்பமும் நேர்முகத் தேர்வும் மாணவியின் பொறுப்பு. முதல் வேலை கோப்பு அடுக்குவதாகவும் இருக்கக்கூடும்.

ஆயினும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கோ-ஆப் முறையையே பரிந்துரைப்பேன். காரணம், ஊதியம் மட்டுமன்று. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்குத் தந்தையின் நண்பர் ஒருவர் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் இருப்பார். ஒரு சொல்லில் கதவு திறக்கும். புதிதாகக் குடியேறிய குடும்பத்துப் பெண்ணுக்கும், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி காணும் பெண்ணுக்கும் பரிந்து பேச யார் உளர்? அவளுக்காகப் பல்கலைக்கழகமே தட்டித் தரும் கதவுதான் கோ-ஆப். பட்டம் பெறும் நாளில் அவளைப் பற்றி நற்சொல் கூற, அவளது உழைப்பைக் கண்ட மேலாளர்கள் இருப்பார்கள்.

பெற்றோர்க்கும் ஒரு விண்ணப்பம். வேலைக் காலம் வேறொரு நகரில் அமையலாம். “பெண் பிள்ளையைத் தனியே எப்படி அனுப்புவது?” என்று தயங்குவது இயல்பே. தங்குமிடத்தை விசாரியுங்கள், நிறுவனத்தை விசாரியுங்கள். ஆனால் அச்சத்தினால் மட்டும் வாய்ப்பை மறுத்துவிடாதீர்கள். மகனை அனுப்பத் துணியும் நாம் மகளையும் நம்ப வேண்டாமா?

அயல்நாட்டு மாணவர்க்குக் கட்டணம் அங்குள்ளவரைவிடப் பன்மடங்கு என்பதையும் மறத்தல் ஆகாது. வேலைக் காலத்து ஊதியம் அதை ஈடுசெய்யும் என நம்பிக் கடன் வாங்குவது அறிவுடைமை ஆகாது.

ஆகவே மாணவிகளே, எங்கே பயில நினைத்தாலும் கல்லூரியின் பெயரை மட்டும் கேட்டு மயங்காதீர்கள். வேலைக் காலங்கள் எத்தனை, ஊதியம் உண்டா, கூடுதல் கட்டணம் எவ்வளவு, இடம் கிடைக்காவிட்டால் பட்டம் என்னாகும் என்று கேளுங்கள். கேட்டறிந்து தேர்வதே வணிகக் கல்வியின் முதற்பாடம் அன்றோ!