வாசலுக்கு வரும் வியாபாரம்

எங்கள் ஒழுங்கைக்கு விடியற்காலையில் பாண் விற்கும் முச்சக்கர வண்டியொன்று வருவதுண்டு. பீத்தோவன் என்னும் ஜெர்மானிய மேதையின் இசையைக் கரகரத்த ஒலிபெருக்கியில் முழக்கிக்கொண்டு வரும். வேண்டியவர் படலையைத் திறந்துகொண்டு வெளியே செல்வர். வேண்டாதவர் புரண்டு படுப்பர். வண்டிக்காரர் எவருடைய படலையையும் தள்ளித் திறப்பதில்லை.

முன்னாளில் சீன வியாபாரிகள் சைக்கிளில் துணிமூட்டை கட்டிக்கொண்டு இலங்கையின் ஊர்களெங்கும் திரிந்தனர். அவர்கள் வீடுதேடி வந்து மூட்டையை அவிழ்த்தார்கள் என்பது மெய்யே. ஆயினும் துணி கண்முன்னே கிடந்தது. தடவிப் பார்க்கலாம், விலை பேசலாம், வேண்டாமென்று சொல்லலாம். இன்று வாசலுக்கு வருகிற வியாபாரம் சில வேளைகளில் வேறு விதமானது. அது அச்சத்தை முதலில் விற்றுப் பொருளைப் பின்னர் விற்கிறது.

எங்கள் அயலில் தனியே வாழும் ஆச்சி ஒருவர் இருக்கிறார். பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்டார்கள். ஒரு நாள் மாலை, கழுத்துப்பட்டி அணிந்த இளைஞன் ஒருவன் அவருடைய படலையில் நின்று, “அம்மம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் தருவீங்களா?” என்று கேட்டான். தண்ணீர் கேட்டு வந்தவனை வெளியில் நிறுத்துவது நம்மவர் வழக்கமன்று. ஆச்சி விறாந்தையில் இருத்திச் செம்பில் நீர் கொடுத்தார்.

அவன் அந்த நீரையே ஒரு கிளாசில் ஊற்றினான். தான் கொண்டுவந்த வடித்த நீரை மற்றொரு கிளாசில் ஊற்றினான். இரண்டிலும் உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரத்தைச் செலுத்தினான். சிறிது நேரத்தில் கிணற்று நீர் செங்கபில நிறமாகிச் சேறுபோலத் திரண்டது. அவனுடைய நீரோ தெளிவாகவே இருந்தது. “இதைத்தானே இவ்வளவு நாளும் குடிச்சனீங்கள்?” என்றான். ஆச்சி நடுங்கிப்போனார். நீர் வடிகட்டும் இயந்திரத்துக்கு முற்பணமாக 10,000 ரூபா கைமாறியது. தவணைப் பத்திரத்தில் கையொப்பமும் விழுந்தது. மகளுக்குச் சொல்ல வெட்கப்பட்டு, மூன்றாம் நாள் என்னிடம் வந்து சொன்னார்.

இதன் சூட்சுமம் எளியது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பூமி. கிணற்று நீரில் கல்சியம் முதலான உப்புக்கள் கரைந்துள்ளன. ஆதலால் அது மின்சாரத்தை நன்கு கடத்தும். மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி அரிபட்டுத் துருவாக நீரில் திரள்கிறது. நாம் காணும் அழுக்கு நீரிலிருந்து வந்ததன்று, கம்பியிலிருந்து வந்தது. உப்பு நீக்கப்பட்ட வடிநீரில் மின்சாரம் பாய்வது அரிதாகையால் அது தெளிவாக நிற்கிறது.

தவணைப் பணத்துக்காக அவ்விளைஞன் மீண்டும் வந்தபோது நானும் அங்கிருந்தேன். சோதனையை மறுபடி காட்டும்படி கேட்டேன். மின்சாரத்தைத் தொடுக்குமுன் அவனுடைய தெளிந்த நீரில் ஒரு சிட்டிகை கறியுப்பைப் போடச் சொன்னேன். சிறிது பொழுதில் அந்த நீரும் செங்கபிலமாயிற்று. அவன் முகம் வெளிறியது. “ஐயா, சத்தியமாக எனக்குத் தெரியாது. இப்படித்தான் காட்ட வேணுமென்று பழக்கினவை” என்றான். அவனுக்குச் சம்பளம் இல்லை, விற்றால்தான் தரகு. அவனையும் ஒருவர் அச்சத்தைக் காட்டித்தான் அனுப்பியிருந்தார். முற்பணத்தில் பாதியே பின்னர் திரும்பி வந்தது.

குடாநாட்டு நீரில் குறையே இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. பசளையாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று மிகுந்த கிணறுகள் பல உண்டு. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம்வரை சென்று 2019ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. ஆகவே மக்களின் அச்சத்துக்குக் காரணம் உண்டு. காரணமுள்ள அச்சத்தைப் பொய்ச் சோதனையால் பெருக்கிக் காசாக்குவதே பாவம். நீரின் தன்மையை அறிய விரும்புவோர் ஆய்வுகூடத்திற் பரிசோதிப்பிக்க வேண்டும். விற்க வந்தவரே நீதிபதியாதல் தகாது.

கடைக்குப் போகிறவர் வாங்கும் எண்ணத்தோடு போகிறார். வேண்டாவிடின் எழுந்து வந்துவிடலாம். தம் வீட்டில் இருப்பவர் எழுந்து எங்கே போவது? வந்தவரைப் போகச் சொல்ல நாக்கூசுகிறது. இந்த உபசார குணத்தின்மீதுதான் வஞ்சக வியாபாரம் கால் ஊன்றுகிறது. இதை உணர்ந்த நாடுகள் சட்டம் செய்தன. இங்கிலாந்தில் 1964ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டிலே கையொப்பமிட்ட தவணைக் கொள்வனவை நான்கு நாட்களுக்குள் கைவிட இடமளித்தது. அமெரிக்கா 1972இல் மூன்று வேலைநாள் அவகாசத்தை விதித்தது. ஐரோப்பாவில் 1985இல் ஏழு நாட்களாக இருந்த அவகாசம், 2011ஆம் ஆண்டுக் கட்டளையால் பதினான்கு நாட்களாயிற்று. இந்தியாவின் 2021ஆம் ஆண்டு நேரடி விற்பனை விதிகளோ, அடையாள அட்டையும் முன்னனுமதியும் இன்றி விற்பனையாளர் வீட்டுக்குச் செல்லலாகாது என்கின்றன.

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வியாபாரிகள் மக்களைத் தவறாக வழிநடத்தி ஏமாற்றும் நடத்தையைத் தடை செய்கிறது. 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறைப்பாடு செய்யலாம். எனினும் சட்டம் வந்து சேருமுன் வீட்டுக்கு வீடு ஒரு சட்டம் இருத்தல் நலம். வந்தவருக்கு நீர் கொடுங்கள், நிழல் கொடுங்கள், கையொப்பத்தை மாத்திரம் அன்றே கொடாதீர்கள். “பத்திரத்தை வைத்துவிட்டுப் போ தம்பி, மூன்று நாள் கழித்து வா” என்று சொல்லுங்கள். நேர்மையான பொருள் மூன்று நாளிற் கெட்டுப்போவதில்லை. “இன்று மட்டுமே இந்த விலை” என்று அவசரப்படுத்தினால், அதுவே மறுப்பதற்குப் போதிய நியாயம்.

விற்கப் புறப்படும் இளைஞருக்கும் ஒரு வார்த்தை. வாணிகர் ஒழுக்கத்தை வள்ளுவர் பொருட்பாலில் வைக்கவில்லை; அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் ஈற்றில் வைத்தார். வந்த காரியத்தைப் படலையிலேயே சொல்லுங்கள். தண்ணீர் கேட்டு உள்ளே நுழையாதீர்கள். உங்கள் தாய்க்கு விற்கத் துணியாததை அடுத்தவர் தாய்க்கும் விற்காதீர்கள்.

ஆச்சியிடம், “இனி எவரையும் உள்ளே விடாதீர்கள்” என்றேன். அவர் சற்று யோசித்தார். “தண்ணி கேட்டால் என்னெண்டு தம்பி இல்லையெண்ணிறது?” என்றார். பணத்தில் பாதி போனது போகட்டும். தாகமென்று வருகிற அடுத்த மனிதனை ஆச்சி சந்தேகத்தோடு நோக்கவேண்டி வந்ததே, அதுவன்றோ திருப்பிக் கொடுக்க முடியாத நட்டம்!