எங்கள் கடைத்தெருவை மாடியில் ஏற்றாதீர்கள்



திருகோணமலையைப் பெருநகராக்கும் பேச்சு எழும்போதெல்லாம் துறைமுகத்தையும் சுற்றுலாவையும் பற்றிச் சொல்கிறார்கள். பெருந்திட்டம் வரையச் சிங்கப்பூரின் சுர்பானா ஜூரோங் நிறுவனம்வரை போனார்கள். பிரதான வீதியிலும் மத்திய வீதியிலும் வாடகைக்குக் கடை நடத்துகிறவர்களின் கதி என்ன? அந்தக் கேள்விக்குத்தான் பதிலைக் காணோம்.

எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக இங்கே துணிக்கடை வைத்திருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்தில் இந்நகரின் கடைகள் எரிந்தன. 2006 ஏப்ரல் 12 அன்று சந்தையில் குண்டு வெடித்த பிறகு மறுபடியும் எரிந்தன. இரண்டு முறையும் கடன்பட்டுக் கதவைத் திறந்தவர்கள் கடைக்காரர்களே. மூதூர், கிண்ணியாப் பக்கத்துச் சனம் பஸ்ஸால் இறங்கி, மரக்கறி வாங்கி, போகிற வழியில் பிள்ளைக்கு ஒரு சட்டையும் பார்க்கும். காசு குறைந்தால் கொப்பியில் எழுதிக்கொள்வோம். நெல் வெட்டியதும் கொண்டுவந்து தருவார்கள். எங்கள் கடைகளை மாடிக் கடைத்தொகுதிக்கு மாற்றினால், கையில் இரண்டு பையோடு நிற்கிற தாய் சட்டை பார்க்க மூன்றாம் மாடிக்கு ஏறமாட்டார்.

கொழும்புப் புறக்கோட்டையில் நடந்ததைப் பாருங்கள். வீதியோர வியாபாரிகளுக்கென்று 2014இல் பெஸ்டியன் மாவத்தையில் மிதக்கும் சந்தை திறந்தார்கள். ஆரம்பத்தில் படம் எடுக்கக் கூட்டம் வந்தது. பிறகு தண்ணீர் நாறியது. கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. வீதியில் இருந்தபோது தேடி வந்த வாடிக்கையாளரை அந்த வியாபாரிகளுக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தபின், 2025 மே தேர்தல்வரை எங்கள் சபையில் மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர் ஒருவரும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கிறேன்: வீதியை அகலமாக்கினாலும் கடைத்தொகுதி கட்டினாலும், வரைபடத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் சபை வாசலில் ஒட்டுங்கள். கட்டி முடியும்வரை எங்கே வியாபாரம் செய்வது, புதிய கடைக்கு முற்பணம் எவ்வளவு, வாடகை எவ்வளவு என்பதை எழுத்தில் தாருங்கள். காணி உறுதி வைத்திருப்பவரோடு மட்டும் பேசி முடித்துவிட்டு, முப்பது வருடம் கடை நடத்தியவரிடம் திறப்பைக் கேட்டு வராதீர்கள்.

நகரம் இப்படியே கிடக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. மாரியில் வடிகான் நிரம்பி வெள்ளம் கடைக்குள் வருகிறது. நடைபாதையில் கல் பெயர்ந்து கிடக்கிறது. விடிய வெளிக்கிட்டுத் தூர ஊர்களிலிருந்து வருகிற பெண்கள் மலசலகூடம் கேட்டு எங்கள் கடைக்குள் கூச்சத்தோடு வந்து நிற்கிறார்கள். அபிவிருத்தியை அங்கிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
துணிக்கடைக்காரர் ஒருவர்,
பிரதான வீதி, திருகோணமலை.