இறுக்கிக் கட்டுவதால் சேணம் நிற்காது
உருண்ட மட்டக்குதிரைக்கு அளவான வயிற்றுப் பட்டை அவசியம்

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தையொட்டிக் கூடும் சந்தைக்கு மாடுகளுடன் குதிரைகளும் விற்பனைக்கு வருவது வழக்கம். டிராக்டரும் மினி லாரியும் வந்துவிட்ட பிறகும், சிறு வண்டி இழுக்கவும், சாலை வசதி இல்லாத மலைப் பாதைகளில் பொதி சுமக்கவும் மட்டக்குதிரையை நம்பியிருக்கும் குடும்பங்கள் உண்டு. கொடைக்கானல் மலையில் வெள்ளகவி, போடி மலைப்பகுதிக் கிராமங்கள் போன்ற இடங்களில் அரிசி, உப்பு, விளைபொருள் எல்லாம் குதிரை முதுகில் போய்வந்த அனுபவம் இதற்குச் சான்று.

சந்தையில் பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார்கள். ஆனால் சேணத்தை உடம்போடு பிடித்து நிறுத்தும் வயிற்றுப் பட்டையை மட்டும், குதிரை வாங்கியது போக மிஞ்சிய சில்லறையில், கைக்குக் கிடைத்ததாக வாங்கிவிடுகிறார்கள். பலர் பழைய குதிரையின் பட்டையையே புதியதற்கும் கட்டுகிறார்கள். பட்டை பொருந்தாவிட்டால் சேணம் சரியும். சரிந்தால் இன்னும் இறுக்குவார்கள். இறுக்கினால் புண் வரும். பிறகு "குதிரை சண்டித்தனம் செய்கிறது" என்று பழியைக் குதிரை மேல் போடுவார்கள். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்தது என்பது பழமொழி. இங்கே குழி பறிப்பது குதிரை அல்ல, பொருந்தாத பட்டைதான்.

உருண்ட உடம்புள்ள மட்டக்குதிரையில் இந்தத் தொல்லை ஏன் அதிகம்? பெரிய குதிரைகளுக்குக் கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் எலும்பு மேடு உயர்ந்து நிற்கும். சேணம் பக்கவாட்டில் புரளாமல் அது தடுக்கும். உருண்ட மட்டக்குதிரைக்கு அந்த மேடு தாழ்வு. முதுகு பீப்பாய் போல இருக்கும். மேலும், முன்னங்காலின் முழங்கை மூட்டுக்குப் பின்னாலேயே வயிறு அகலத் தொடங்கிவிடும். பட்டை எப்போதும் உடம்பின் ஒடுங்கிய இடத்தைத் தேடி நகரும் இயல்புடையது. ஆகவே அது முன்னோக்கி வழுக்கி, சேணத்தையும் தோள்மேல் இழுத்துக்கொண்டு போய், முழங்கையின் பின்புறத் தோலை ஒவ்வொரு அடியிலும் அரைக்கும். எவ்வளவு இறுக்கினாலும் இந்த நகர்வு நிற்காது. மூச்சு விரிய இடமில்லாமல் குதிரை களைப்பதுதான் மிச்சம்.

எனவே பட்டை வாங்குமுன் அளவு எடுக்க வேண்டும். குதிரையைச் சமதரையில் நான்கு காலும் சீராக நிற்கும்படி நிறுத்தி, மெத்தையையும் சேணத்தையும் அதன் இடத்தில் வைக்க வேண்டும். சேணத்தின் ஒரு பக்கத்து வாரின் நடுத்துளையிலிருந்து நெஞ்சுக்கூட்டின் அடிவழியாக மறுபக்கத்து வாரின் நடுத்துளை வரை ஒரு கயிற்றால் அளந்தால் அதுவே பட்டையின் நீளம். பெயர்தான் வயிற்றுப் பட்டை. அது இருக்க வேண்டிய இடம் வயிறு அல்ல, முழங்கைக்கு நாலு விரல்கடை பின்னால், நெஞ்சுக்கூட்டின் அடிப்பகுதி. சேணத்து வார்கள் அந்த இடத்துக்கு நேர் மேலே தொங்கினால்தான் பட்டை நகராமல் நிற்கும்.

இருபுறமும் பக்கிள்கள் ஒரே உயரத்தில் அமைய வேண்டும். மேலும் கீழும் ஓரிரு துளைகள் மிச்சமிருப்பது நல்லது. குதிரை இளைத்தாலும் பருத்தாலும் அதே பட்டை உதவும். நீளம் குறைந்த பட்டையில் பக்கிள் முழங்கை அருகே வந்து தோலைக் கிள்ளும். அகலம் 8 முதல் 10 செ.மீ. வரை இருந்தால் அழுத்தம் பரவலாக விழும். முழங்கை படும் இடத்தில் சற்றுக் குடைந்து தைத்த பட்டை உருண்ட குதிரைக்கு மிகவும் ஏற்றது. மீள்பட்டி வைத்துத் தைப்பதானால் இரு முனைகளிலும் வைக்க வேண்டும்; ஒரு பக்கம் மட்டும் வைத்தால் சேணம் ஒருபுறமாக இழுபடும். நைலான் கயிறு தோலை அறுக்கும். டயர் டியூப் வியர்வையை உறிஞ்சாது. தடித்த பருத்தி நாடாவோ, எண்ணெய் தடவிப் பதமாக வைத்த மெத்தென்ற தோலோ போதுமானது.

உருண்ட குதிரைக்குப் பட்டை மட்டும் போதாது. முதுகின் அகலத்துக்கு ஏற்ற சேணமும், அது முன்னால் வழுக்காமல் பிடிக்க வாலடியில் மாட்டும் மெத்தென்ற வாரும் வேண்டும். மலை இறக்கத்தில் இந்த வால்வாரே கைகொடுக்கும். பொதியின் எடை இருபுறமும் சமமாக இருக்க வேண்டும். இரு சக்கர வண்டியில் பூட்டும்போது, சேணத்தின் பட்டை கச்சிதமாக இருக்க, ஏர்க்கால்கள் மேலே எழாமல் தடுக்கும் அடிவார் சற்றுத் தளர்வாகவே இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றுபோல் இறுக்குவது தவறு.

பட்டையை ஒரேயடியாக இறுக்கக் கூடாது. முதலில் இலேசாகக் கட்டி, பத்தடி நடக்கவிட்டு, மறுபடி ஒரு துளை இறுக்கலாம். பிறகு முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முன்னால் நீட்டிவிட்டால் பட்டைக்கடியில் மடிந்த தோல் நேராகும். இரண்டு விரல்கள் சிறிது தடையுடன் நுழைந்தால் அதுவே சரியான இறுக்கம். வேலை முடிந்ததும் பட்டையை அவிழ்த்து, வியர்வை உப்புப் போகக் குதிரையின் நெஞ்சையும் பட்டையையும் கழுவ வேண்டும்.

பட்டைப் புண்ணை அற்பமாக எண்ணலாகாது. மண்ணும் சாணமும் படும் இடத்தில் உள்ள புண்வழியே டெட்டனஸ் நோய்க் கிருமி நுழையலாம். குதிரை இனம் இந்நோய்க்கு எளிதில் இரையாகும். கண்டபின் காப்பாற்றுவது கடினம். தடுப்பூசி போட்டுக்கொள்வது நலம். புண் ஆறும்வரை சேணம் ஏற்றக் கூடாது. ஒரு நல்ல பட்டையின் விலையை மிச்சம் பிடிக்கப்போய், குதிரை நிற்கும் ஒவ்வொரு நாளின் வருமானத்தையும் இழப்பது சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகுமா? சந்தையில் குதிரை வாங்குவோர் முழங்கைக்குப் பின்னும் முதுகிலும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே திட்டுத் திட்டாக வெள்ளை மயிர் இருந்தால், அது பெரும்பாலும் பழைய புண்ணின் தழும்பாகவே இருக்கும்.

கொழுத்த குதிரையே வலுவான குதிரை என்பதும் சரியல்ல. விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாமல், கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் தானியத்தைக் குறைத்து நடையைக் கூட்டலாம். ஆனால் திடீரெனப் பட்டினி போடுவது கொழுத்த மட்டக்குதிரையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சட்டமும் இதில் அக்கறை காட்டியிருக்கிறது. இழுவை மற்றும் பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள், 1965-ன்படி மட்டக்குதிரையின் முதுகில் 70 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றி 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலை வாங்கக் கூடாது. திருவண்ணாமலையின் கோடைக்கு இவ்விதி அப்படியே பொருந்தும்.

தீபச் சந்தை நாட்களில் கால்நடை மருத்துவரும் உள்ளூர் வார் தைக்கும் தொழிலாளியும் ஓரிடத்தில் அமர்ந்து, வாங்கிய குதிரைக்கு அங்கேயே அளவெடுத்துப் பட்டை தைத்துக் கொடுக்க ஏற்பாடு செய்தால் பெரும் பயன் விளையும். அதற்குப் பெரிய செலவும் ஆகாது. அதுவரை, சந்தைக்குப் போகும் விவசாயி மடியில் பணத்தோடு ஒரு முழக்கயிறு இரண்டையும் முடிந்துகொண்டு போகட்டும். குதிரையின் விலையைப் பேசி முடிக்கும் கையோடு அதன் நெஞ்சளவையும் எடுத்துக்கொள்வது நல்லது.