கிலோமீட்டரைப் பார்த்து விலை பேசாதீர்கள்

பழைய சின்னக் கார் ஒன்று வாங்கப்போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், ஊரே ஆலோசனை சொல்லும். “எந்த வருஷ மாடல், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு, எத்தனையாவது ஓனர்? இந்த மூணையும் பார்த்துட்டா விலை தானா தெரிஞ்சிடும்.” கார் கன்சல்டிங் கடையிலும் இதே பேச்சுதான். விளம்பரங்களின் முதல் வரியும் இந்த மூன்றையுமே சொல்கிறது.

மூன்று, நான்கு ஆண்டு ஓடிய காருக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். அந்த வயதில் எல்லாக் கார்களும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருக்கும். பத்துப் பன்னிரண்டு வயதான ஆல்டோவுக்கோ ஐ10-க்கோ வேகன்ஆருக்கோ இது பொருந்தவே பொருந்தாது. ஒரே மாதத்தில் தொழிற்சாலையை விட்டு வந்த இரண்டு கார்களுக்கு நடுவே, பத்து ஆண்டுகளில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் வந்துவிடுகிறது. அதைக் கொண்டுவருவது பராமரிப்பு. வாங்கிய முதல் ஓராண்டில் அந்தக் கார் நம் கையிலிருந்து இன்னும் எவ்வளவு வாங்கப்போகிறது என்பதே அதன் மதிப்பைத் தீர்மானிக்க வேண்டும். புதுக் கார் வாங்க வசதியில்லாமல் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு வருகிறவர்கள்தான் இந்தச் சந்தையில் அதிகம். அவர்களை ஏமாற்றும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாதம் 1: “கிலோமீட்டர் குறைவு, அதனால் கார் புதுசு மாதிரி”

பன்னிரண்டு வயதுக் கார் ஒன்றின் மீட்டர் 38,000 காட்டுகிறது என்று வையுங்கள். ஆண்டுக்கு 3,200 கிலோமீட்டர்கூட இல்லை. மாதம் 265-க்கும் குறைவு. இது பொய்யாக இருந்தால் மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள். டிஜிட்டல் மீட்டரில் எண்ணைக் குறைப்பது அத்தொழில் தெரிந்தவருக்குச் சிறிய வேலை. உண்மையாக இருந்தால் அந்தக் கார் ஆண்டுக்கணக்கில் நின்றே கிடந்திருக்கிறது. இரண்டில் எதுவானாலும் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கக் காரணமில்லை.

நின்ற காருக்கு என்ன ஆகும்? ரப்பர் பாகங்கள் கிலோமீட்டரைப் பார்த்து மட்டும் தேய்வதில்லை, வயதைப் பார்த்தும் காய்ந்து வெடிக்கின்றன. சஸ்பென்ஷன் புஷ், ஆக்ஸில் பூட், ரேடியேட்டர் ஹோஸ், ஏசி குழாயின் சீல் எல்லாம் இந்த வகை. பேட்டரி செத்துவிடும். டேங்கில் தங்கிய பெட்ரோல் கெட்டு, இன்ஜெக்டரை அடைக்கும். மார்க்கெட்டுக்கும் கோயிலுக்குமாக இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடிய காரில் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. இன்ஜினுக்குள் ஈரம் தங்கி ஆயில் சீக்கிரம் கெடும்.

மீட்டரைவிட நம்பத்தக்க சாட்சிகள் காருக்குள்ளேயே இருக்கின்றன. கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பரைப் பாருங்கள். 38,000 ஓடிய காரில் அதன் வரிகள் மழுங்கியிருக்காது. ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக மின்னினால் அதுவும் சந்தேகத்துக்குரியதே. ஓட்டுநர் சீட்டில் ஏறி இறங்கும் பக்கம் அமுங்கியிருக்கிறதா, ஸ்டீயரிங் பளபளவென்று தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். மீட்டர் 38,000 காட்டுகிற காரில் இரண்டாவது செட் டயரும் வழுக்கையாகியிருந்தால், கணக்கு எங்கே இடிக்கிறது என்று விற்பவர்தான் விளக்க வேண்டும்.

ஒழுங்காக சர்வீஸ் செய்து 90,000 ஓடிய கார், கேட்பாரற்று நின்று 38,000 காட்டும் காரைவிட நல்ல கார். அதற்கு ஆதாரம் சர்வீஸ் பில். பில்லில் தேதியும் அன்றைய கிலோமீட்டரும் இருக்கும்; நாலைந்து பில்களை வரிசைப்படுத்தினாலே உண்மை வெளிவந்துவிடும்.

வாதம் 2: “சிங்கிள் ஓனர் வண்டி, டாக்டர் ஓட்டினது”

ஆர்சி புத்தகம் யார் பெயரில் வண்டி இருந்தது என்று சொல்லும். யார் ஓட்டினார்கள், எப்படி ஓட்டினார்கள் என்று சொல்லாது. டாக்டர் பெயரில் இருந்த காரை அவருடைய டிரைவரோ, கல்லூரிக்குப் போகும் மகனோ ஓட்டியிருக்கலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. தேதி போடாமல் கையெழுத்து மட்டும் வாங்கிய பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30-ஐ வைத்துக்கொண்டே கார்கள் கைமாறுவது இங்கே பழக்கமாகிப் போயிருக்கிறது. இரண்டு, மூன்று பேரிடம் போய் வந்த பிறகும் ஆர்சியில் முதல் ஓனர் பெயரே இருக்கும். அப்படிப் பல கை மாறியும் பெயர் மாற்றப்படாத ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்றவருக்கு இது தலைவலி. வாங்குகிறவருக்கு இது சொல்வது வேறு: ‘சிங்கிள் ஓனர்’ என்பது காகிதத்தில் மட்டும் உண்மையாக இருக்கலாம்.

ஆகவே ஓனர் எண்ணிக்கைக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஆர்சியில் இருப்பவரிடமே நேரில் பேசுங்கள். வங்கிக் கடன் தீர்ந்ததற்கான தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் இருக்கிறதா, அபராதம் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது ஓனராக இருந்தாலும் பில்களைக் கோப்பில் கோத்து வைத்திருப்பவரின் கார், வாயால் மட்டும் கதை சொல்லும் முதல் ஓனரின் காரைவிட மேல்.

வாதம் 3: “பெயின்ட் பளபளன்னு இருக்கு, நல்லா வச்சிருக்காங்க”

இந்தச் சந்தையில் ஆளைக் கவிழ்க்கும் முதல் பொறி இதுதான். பட்டி, டிங்கரிங் பார்த்துப் பெயின்ட் அடித்தால் எந்தக் காரும் இரண்டு மாதம் பளபளக்கும். புதுப் பெயின்ட் பராமரிப்புக்கு அடையாளமே அல்ல. எதற்காக அடித்தார்கள் என்று கேட்க வேண்டிய காரணம் அது.

பேனெட்டைத் திறங்கள். பேனெட்டையும் முன் ஃபெண்டரையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள். பெயின்ட் உரிந்து ஸ்பானர் பட்ட தடம் இருந்தால் அந்தப் பாகத்தைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். உள்ளே ஏப்ரன் எனும் உட்தகட்டில் தொழிற்சாலை வைத்த ஸ்பாட் வெல்டுகள் ஒரே இடைவெளியில், சிறு வட்டங்களாக வரிசையாக இருக்கும். அந்த வரிசை கலைந்து, மேலே தடிமனாக சீலன்ட் பூசியிருந்தால் முன்பக்கம் பலமாக இடித்த வண்டி. கண்ணாடிகளின் மூலையில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு ஆண்டுக் குறிகளையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் வேறு ஆண்டென்றால், ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

சென்னைப் பக்கத்துக் கார் என்றால் இன்னொன்றும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அந்தக் காரை முழு இழப்பாகக் கணக்கிடுவது காப்பீட்டு நடைமுறை. பழைய சின்னக் காரின் காப்பீட்டு மதிப்பே குறைவு என்பதால் அந்த எல்லையை அது எளிதில் தொட்டுவிடும். அப்படி ஒதுக்கப்பட்ட கார்கள் ஏலத்தில் போய், கழுவித் துடைக்கப்பட்டு, மறுபடி சந்தைக்கு வருவதுண்டு.

தண்ணீர் குடித்த காரைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். யாரும் முழுதாக இழுக்காத அந்தக் கடைசி ஒரு சாண் நீளத்தில் சேற்றுக் கறை தெரியும். சீட்டை முன்னே தள்ளி, அடியிலுள்ள தண்டவாளத்தையும் போல்ட்டையும் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, அந்தக் குழியைத் தடவிப் பாருங்கள். டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு இரும்புப் பட்டைகளில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். துரு இருந்தால் விலை பேசாமல் வந்துவிடுங்கள். வயரிங்குக்குள் போன தண்ணீர் அடுத்த மாதமும் பழுது கொடுக்கும், அடுத்த வருடமும் கொடுக்கும்.

வாதம் 4: “இன்ஷூரன்ஸ்ல போட்டிருக்கிற மதிப்புதான் காரோட மதிப்பு”

காப்பீட்டில் காட்டும் மதிப்புக்குத் தேய்மான அட்டவணை ஒன்று உண்டு. முதல் ஆறு மாதத்துக்கு 5 விழுக்காடு கழிவில் தொடங்கி, ஐந்தாம் ஆண்டு முடிவில் 50 விழுக்காட்டில் அது நின்றுவிடும். அதற்கு மேல் வயதான காருக்கு, காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான் மதிப்பு. காரை யாரும் திறந்து பார்த்துச் சொன்ன தொகை அல்ல அது. பிரீமியம் குறைய வேண்டும் என்று குறைத்தும் போடலாம், கூட்டியும் போடலாம்.

விற்பவரின் ‘நோ கிளைம் போனஸ்’ 50 விழுக்காடு வரை இருந்தாலும் அது அவரோடுதான் போகும், காரோடு வராது. எனவே அடுத்த ஆண்டு பிரீமியத்தை உங்கள் கணக்கில் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

வாதம் 5: “பதினைந்து வருஷம் ஆயிட்டா இரும்பு விலைதான்”

இது தில்லிச் செய்தியைக் கேட்டு வந்த பயம். தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் தடை வந்ததும், 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை வலியுறுத்தியதும் உண்மை. தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடை இல்லை. 15 ஆண்டுப் பதிவு முடிந்ததும் தகுதிச் சான்று (எஃப்சி) காட்டி, ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் செலவு கூடிவிட்டது. 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ஆனது. பசுமை வரியும், எஃப்சிக்கு முன் பார்க்க வேண்டிய வேலைகளும் தனி.

ஆகவே 14 வயதான காரைக் குப்பை என்று ஒதுக்கவும் வேண்டாம். இன்னும் ஒரு வருடம் இருக்கே என்று மகிழவும் வேண்டாம். எஃப்சி செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். வெளிமாநிலக் கார் மலிவாகத் தெரிந்தால், இங்கே மறுபதிவு செய்யக் கட்ட வேண்டிய வரியைச் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் அந்த மலிவு காணாமல் போய்விடும்.

வாதம் 6: “நல்ல கம்பெனி, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்”

உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் கை பழகிய வண்டி என்பது உண்மையான நன்மை. அதை மறுக்கவில்லை. ஆனால் பெயர் ஒன்றாக இருந்தால் கார் ஒன்றாகிவிடாது. ஐ10-இல் 1.1 லிட்டர் இன்ஜினுக்கு டைமிங் பெல்ட், 1.2 கப்பா இன்ஜினுக்கு டைமிங் செயின். ஆல்டோ 800-க்கு பெல்ட், கே10-க்கு செயின். உரிய காலத்தில் மாற்றாமல் விட்ட பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். அதனால் பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா என்ற கேள்வி, எந்த கம்பெனி என்ற கேள்வியைவிட முக்கியம்.

பாதுகாப்பிலும் இப்படித்தான். 2014 தொடக்கத்தில் குளோபல் என்கேப் அமைப்பு மோதிச் சோதித்த ஐந்து இந்தியச் சின்னக் கார்களின் ஏர்பேக் இல்லாத வகைகள் எல்லாமே பூஜ்யம் நட்சத்திரம் வாங்கின. ஆல்டோ 800, நானோ, ஐ10 மட்டுமல்ல, ஃபிகோவும் போலோவும்கூட அதில் இருந்தன. ஓட்டுநர் ஏர்பேக் இங்கே கட்டாயமானது 2019 ஜூலையில்தான். அதற்கு முந்திய காரில் ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள வகை கிடைத்தால் பத்தாயிரம் கூடக் கொடுப்பதில் தவறில்லை. சாவியைத் திருப்பும்போது ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

சரியான கணக்கு எது?

இரண்டு 2012 மாடல் கார்களை எடுத்துக்கொள்வோம். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். முறையை மட்டும் பாருங்கள். முதல் கார் 38,000 ஓடியது, விலை 2,40,000. டயர் நான்கும் காய்ந்தவை: 14,000. பேட்டரி 4,500. ஏசி வேலை 12,000. சஸ்பென்ஷன் 12,000. டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் 7,500. கூட்டினால் 50,000. உண்மை விலை 2,90,000. இரண்டாவது கார் 92,000 ஓடியது, விலை 2,05,000. கிளட்ச், பெல்ட் மாற்றிய பில் உண்டு, டயருக்கு வயது இரண்டு. பேட்டரிக்கும் பிரேக் பேடு, ஆயில் சர்வீஸுக்கும் 11,000. உண்மை விலை 2,16,000. கிலோமீட்டரைப் பார்த்து வாங்குபவர் முதல் காரை எடுத்து 74,000 ரூபாய் கூடுதலாகச் செலவழிப்பார்.

இந்தப் பட்டியலைப் போட, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். முன்னாலேயே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செல்ஃப் ஒரே தடவையில் எடுக்கிறதா, நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள். ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைக் கழற்றினால் புகை குபுகுபுவென்று வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் ரிங் தேய்ந்த இன்ஜின். லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தையும் பாருங்கள். இதற்கெல்லாம் மறுக்கிற விற்பனையாளரிடம் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள தொகையைக் கழித்து விலை கேளுங்கள். குறைக்க மறுத்தால் அடுத்த காரைப் பார்க்கப் போங்கள்.